முதலில் தராசு, இலைப் படம் அப்புறம்

கேள்வி: எங்களுடையது 14 பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம். கை கழுவும் திரவ சோப்பு, ஷாம்பூ, தரை துடைக்கும் திரவம் என்று மொத்தம் ஒன்பது சரக்குகள். எங்களிடம் அதிகம் வாங்கும் ஒரு கடைச் சங்கிலி, "உங்கள் நிலைத்தன்மைக் கொள்கை என்ன?" என்று, அதாவது சுற்றுச்சூழலுக்குச் சுமை குறைய என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பி, மூன்று மாதத்துக்குள் நிரப்பித் தரச் சொல்லியிருக்கிறது. எல்லாப் பாட்டில்களையும் மக்கும் பொருளுக்கோ கண்ணாடிக்கோ மாற்றிவிடலாம், லேபிளில் ஒரு பச்சை இலை போடலாம், ஆர்டருக்கு ஒரு துணிப்பை இலவசமாகக் கொடுக்கலாம் என்கிறார் என் கூட்டாளி. இதெல்லாம் பெரிய கம்பெனிகள் செய்கிற செலவு, நமக்கு எதற்கு என்கிறார் கணக்காளர். எனக்கு இரண்டு பேச்சிலும் மனம் ஒட்டவில்லை. உண்மையாகச் செய்ய வேண்டும், கம்பெனியும் பிழைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி

பதில்:

உங்கள் கூட்டாளி லேபிளிலிருந்து தொடங்குகிறார். கணக்காளர் செலவுத் தலைப்பிலிருந்து தொடங்குகிறார். நான் உங்கள் கொள்முதல் பதிவேட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். கம்பெனி எதை வாங்குகிறது, அதில் எவ்வளவு வாடிக்கையாளருக்குப் பயன்படுகிறது, எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்பதெல்லாம் அந்த ஒரு பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் அதை அந்தக் கண்ணோடு படித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

கடந்த பன்னிரண்டு மாதப் பில்களை எடுங்கள். மூலப்பொருள், பாட்டில், மூடி, பம்ப், லேபிள், அட்டைப்பெட்டி, மின்சாரம், எரிபொருள், சரக்குப் போக்குவரத்து. பில்லில் பணம் இருக்கும். அதன் பக்கத்தில் எடையை எழுதுங்கள். கிராம் காட்டும் ஒரு சின்னத் தராசு போதும். ஒன்பது சரக்கிலும் ஒவ்வொன்றை எடுத்துக் காலி செய்து, துண்டு துண்டாகப் பிரித்து எடை போடுங்கள். இரண்டு மதியம் ஆகும். இந்த வேலையை வெளியாளிடம் கொடுக்காதீர்கள். நீங்களும் கூட்டாளியும் கணக்காளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யுங்கள். நான் பார்த்தவரை, பாதிச் சண்டை அந்த மேசையிலேயே தீர்ந்துவிடும்.

இதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு: வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. அதற்கு ஐ.எஸ்.ஓ. 14040, 14044 என்று சர்வதேச விதிமுறைகளே இருக்கின்றன. முழுமையாகச் செய்ய நிபுணரும் மாதங்களும் வேண்டும். இப்போது உங்களுக்கு அது தேவையில்லை. அதன் அடிப்படைக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மூலப்பொருள் பிறந்த இடத்திலிருந்து காலிப் பாட்டில் போய்ச் சேரும் இடம்வரை, எந்தக் கட்டத்தில் சுற்றுச்சூழலுக்குச் சுமை அதிகம்?

உங்கள் வகைச் சரக்குக்கு அந்தக் கேள்வியின் விடை பலரை ஆச்சரியப்படுத்தும். யுனிலீவர் 2010-இல் தன் நிலைத்தன்மைத் திட்டத்தை அறிவித்தபோது, அதன் பொருள்களால் வரும் பசுங்குடில் வாயுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, வாடிக்கையாளர் பொருளைப் பயன்படுத்தும்போதுதான் உண்டாகிறது என்று கணக்குக் காட்டியது. காரணம் வெந்நீர். ஷாம்பூ போட்டுக் குளிக்கத் தண்ணீரைச் சூடாக்கும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் பாட்டில் ஒன்றுமே இல்லை. குளியலறைக்குள் நீங்கள் நுழைய முடியாதுதான். ஆனால் சீக்கிரம் அலசிப் போகிற, குளிர்ந்த நீரிலும் நுரைக்கிற கலவையை உருவாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. பம்பை ஒருமுறை அழுத்தினால் எவ்வளவு வர வேண்டும் என்பதும் உங்கள் கையில்தான். இரண்டு மில்லிலிட்டர் வருகிற இடத்தில் ஒன்று போதுமென்றால், ஒரே பாட்டில் இரண்டு மடங்கு நாள் வரும். விற்பனை குறையுமே என்று கூட்டாளி கேட்பார். நியாயமான கேள்வி. கூடுதல் நாள் வருவதையே சொல்லி விற்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அதையும் நேர்மையாக எழுதி வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

தராசு அடுத்துக் காட்டப்போவது தண்ணீரை. தரை துடைக்கும் திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர். ஷாம்பூவிலும் அதுதான் முதல் மூலப்பொருள். நீங்கள் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, பெட்டியில் வைத்து, லாரியில் ஏற்றி, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் செய்யக்கூடிய மாற்றங்களில், செலவையும் சுமையையும் ஒருசேரக் குறைப்பது அடர் திரவம்தான், அதாவது தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகச் செய்த திரவம். பெரிய சந்தையிலேயே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் தன் கடைகளில் அடர்த்தியான திரவச் சலவை சோப்பு மட்டுமே விற்போம் என்று வால்மார்ட் 2007-இல் அறிவித்து, 2008-க்குள் செய்தும் முடித்தது. தயாரிப்பாளர்கள் அத்தனை பேரும் மாற வேண்டியதாயிற்று.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பத்து மடங்கு அடர்த்தியாக்கினால் பிளாஸ்டிக்கும் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்று நினைக்காதீர்கள். பாட்டில் சிறிதாகும்போது கொள்ளளவு குறைகிற வேகத்தில் அதன் மேற்பரப்பு குறையாது. சுவரின் தடிமன் அதே என்றால், பத்தில் ஒரு பங்கு கொள்ளளவுள்ள பாட்டிலுக்கு ஏறக்குறைய நாலரையில் ஒரு பங்கு பிளாஸ்டிக் வேண்டும். அதுவே பெரிய மிச்சம்தான், ஆனால் படிவத்தில் பத்து மடங்கு என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு, பழைய பழக்கத்தில் மக்கள் பழைய அளவே ஊற்றுவார்கள். மூடியையே அளவுக் கிண்ணமாக்குங்கள். 'ஒரு மூடி, ஒரு வாளி' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். இதைச் செய்யாத அடர் திரவம் வீண்தான். மூன்று, அடர்த்தி கூடினால் கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்தும் கூடும். குழந்தைகள் திறக்க முடியாத மூடியும் எச்சரிக்கையும் வேண்டும்.

வாங்கும் பக்கத்திலும் இதே தண்ணீர்க் கதைதான். நுரைக்காக நீங்கள் எஸ்.எல்.இ.எஸ். (சோடியம் லாரெத் சல்ஃபேட்) வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அது 28 சதவீதக் கரைசலாகவும் கிடைக்கும், 70 சதவீதக் கெட்டியாகவும் கிடைக்கும். 28 வாங்கினால் மீதி 72-க்கு லாரி வாடகை கொடுப்பது நீங்கள். 70 வாங்கிக் கலக்கலாம், ஆனால் நடுவில் ஒரு பொறி இருக்கிறது. கெட்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால், இடைப்பட்ட அடர்த்தியில் அது அசைக்க முடியாத ஜெல்லாக இறுகிவிடும். கலக்கி மோட்டார் திணறும். தண்ணீரை முதலில் எடுத்து, கலக்கிக்கொண்டே கெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட வேண்டும். உங்கள் பேட்ச் பார்ப்பவருக்கு இது தெரிந்திருக்கலாம். தெரியாவிட்டால் முதலில் ஒரு வாளியில் பழகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது உங்கள் கூட்டாளியின் மூன்று யோசனைகள்.

மக்கும் பாட்டில். 'மக்கும்' என்று முத்திரை பெறும் பெரும்பாலான பிளாஸ்டிக், தொழிற்கூட உரக்கிடங்கில், 60 டிகிரிக்குப் பக்கமான சூட்டில் மக்குவதற்காகச் சோதிக்கப்பட்டது. ஐரோப்பாவின் ஈ.என். 13432 தரம் ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்று கேட்பது அந்தச் சூழலை வைத்துத்தான். தோட்டத்து மண்ணிலும் கடலிலும் அந்தச் சூடு கிடையாது. உங்கள் வாடிக்கையாளருக்கு எட்டும் தூரத்தில் அப்படி ஒரு கிடங்கு இருக்கிறதா, அது பாட்டிலை வாங்கிக்கொள்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அது குப்பை மேட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் சாதாரணப் பிளாஸ்டிக்கோடு கலந்து மறுசுழற்சியைக் கெடுக்கும். அதற்கும் மேலே ஒரு சங்கடம் இருக்கிறது: ஈரத்தில் சிதைவதற்காகச் செய்த பொருளில் இரண்டு வருடம் தண்ணீரை வைத்திருக்கச் சொல்கிறோம்.

கண்ணாடி. இதில் என் சொந்தக் குட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிறு நிறுவனத்தைக் கண்ணாடிக்கு மாற்றியதே நான்தான். பார்க்க அழகாக இருந்தது, பாராட்டும் வந்தது. அதே அளவு பிளாஸ்டிக் பாட்டிலைவிடப் பத்து மடங்குக்கு மேல் எடை. உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் அட்டைத் தடுப்பு, தடுப்புக்காகப் பெரிய பெட்டி, பெரிய பெட்டியால் லாரியில் குறைந்த எண்ணிக்கை. ஒரு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால் எரிபொருள், அட்டை, உடைசல் எல்லாமே ஏறியிருந்தன. கண்ணாடியை உருக்க 1,500 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும் என்பதை நான் கணக்கில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. கண்ணாடி தவறு என்று சொல்லவில்லை. திரும்பி வந்து, கழுவி, மறுபடி நிரப்பப்படும் கண்ணாடி அருமையான பொருள். ஒரு தடவை போய்த் திரும்பாத கண்ணாடி கனமான குப்பை. திருப்பி வாங்க உங்களிடம் வழி இருக்கிறதா?

துணிப்பை. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கடையில் கொடுக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் பையோடு பருத்திப் பையை ஒப்பிட்டது. காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால், பருத்திப் பையை 52 தடவையாவது பயன்படுத்தினால்தான் கணக்கு நேராகும். ஆராய்ந்த எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் அது 7,100 தடவை. இந்தப் பெரிய எண்ணை ஓசோன் படலத்துக்கான பாதிப்பு தனியாகத் தூக்கிவிட்டது, அதனால் அதை எல்லாருக்கும் காட்டிப் பயமுறுத்தத் தேவையில்லை. பிளாஸ்டிக் பை கடலில் என்ன செய்கிறது என்பதும் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆனாலும் ஒரே வாடிக்கையாளர் பத்து ஆர்டர் போட்டால் பத்துப் பை என்பதை எந்தக் கணக்காலும் காப்பாற்ற முடியாது. இந்த யோசனையைக் கைவிடுங்கள். கணக்காளருக்கு ஒரு சின்ன வெற்றி.

அப்படியானால் பாட்டிலில் என்ன செய்யலாம்? நிறைய இருக்கிறது, ஆனால் எதுவும் கண்ணைப் பறிக்காது. மறுசுழற்சிக் கூடத்தில் பாட்டிலைப் பிரிப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியை வைத்து. கரித்தூள் சேர்த்த கறுப்புப் பிளாஸ்டிக் அந்த ஒளியை விழுங்கிவிடும், இயந்திரத்துக்கு அந்தப் பாட்டில் இருப்பதே தெரியாது. பாட்டில் முழுவதையும் மூடிய வேறுவகைப் பிளாஸ்டிக் உறை இருந்தால், இயந்திரம் உறையைப் பார்த்துத் தவறான குவியலில் தள்ளும். பம்புக்குள் உலோகச் சுருள் இருந்தால் அதுவும் இடைஞ்சல். ஆக, ஒரே வகைப் பிளாஸ்டிக், நிறமில்லாதது அல்லது வெள்ளை, சின்ன லேபிள், கழுவினால் விட்டுப்போகும் பசை. பம்பைத் தனியாக விற்றுவிட்டு, மறுமுறை சாதா மூடி போட்ட பாட்டிலாகக் கொடுங்கள். எடை போடும்போது பாருங்கள், பல பாட்டில்களில் பம்பும் பாட்டிலும் ஏறக்குறைய ஒரே எடையில் நிற்கும். பாட்டில் தீர்ந்த பிறகும் நன்றாக வேலை செய்கிற பம்பைத் தூக்கிப் போடச் சொல்வது நம் வியாபாரத்தின் பழக்கதோஷம். மறுநிரப்புப் பவுச் எடை குறைவு என்பது உண்மை. பல அடுக்கு, அதிலும் அலுமினியத் தாள் வைத்த பவுச்சை மறுசுழற்சி செய்வது கடினம் என்பதும் உண்மை. ஒரே பொருளில் செய்த பவுச் கிடைக்கிறதா என்று சப்ளையரிடம் கேளுங்கள்.

மறுசுழற்சிப் பிளாஸ்டிக் பாட்டில் கேட்டால், குறைந்தபட்ச ஆர்டர் அளவைச் சொல்லிச் சப்ளையர் விரட்டுவார். உங்களுக்கென்று அச்சு செய்யச் சொல்லாமல், அவரிடம் ஏற்கெனவே இருக்கும் பொது வடிவத்தில் கேளுங்கள். நிறம் பேட்சுக்குப் பேட்ச் கொஞ்சம் மாறும், சிலதில் வாசனை இருக்கும். முதலில் தரை துடைக்கும் திரவத்தில் போட்டுப் பாருங்கள், ஷாம்பூவில் அப்புறம். ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: அந்தப் பிளாஸ்டிக் வீடுகளிலிருந்து திரும்பி வந்ததா, தொழிற்சாலை ஓரத்து வெட்டுத் துண்டுகளா? இரண்டையும் 'மறுசுழற்சி' என்றே சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. அப்புறம், மாறுகிறோம் என்ற உற்சாகத்தில் கிடங்கில் இருக்கும் பழைய பாட்டிலையும் லேபிளையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தீர்ந்த பிறகு மாறுங்கள்.

பலரும் தொடாத ஒரு வரி உங்கள் பதிவேட்டில் இருக்கும்: காலாவதியாகித் திரும்பி வந்த சரக்கு. மூலப்பொருள், மின்சாரம், பாட்டில், லாரி எல்லாம் செலவாகி, ஒருவரும் பயன்படுத்தாமல் கொட்டப்படுகிற பாட்டில் அது. இதைவிட மோசமான கழிவு உங்கள் கம்பெனியில் இருக்க முடியாது. 'இயற்கை' என்று சொல்லிக்கொள்வதற்காக, சரக்கு கெடாமல் காக்கும் பிரிசர்வேடிவைக் குறைக்கிற நிறுவனங்கள் இந்த வரியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குறைக்க வேண்டும். ஒன்பது சரக்கில் மெதுவாக நகர்கிற இரண்டை நிறுத்துவதுதான் உங்கள் முதல் பெரிய நடவடிக்கையாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதையெல்லாம் ஒரு தடவை செய்துவிட்டு மறக்காமல் இருக்க, வியாபாரம் ஏற்கெனவே முடிவெடுக்கிற இடங்களில் இதை நுழைக்க வேண்டும். தனியாகக் 'குழு' அமைக்காதீர்கள். 14 பேரில் குழு அமைத்தால் தேநீர்தான் செலவாகும். கொள்முதல் படிவத்தில் இரண்டு கட்டம் சேருங்கள்: எடை, பொருள் வகை. புதுச் சரக்கு தொடங்கும் முன் போடும் குறிப்பில் ஒரு கேள்வி சேருங்கள்: காலியான பிறகு இது எங்கே போகும்? விற்பனையாளருக்கு ஊக்கத்தொகை கொடுப்பதாக இருந்தால், கடைக்குள் தள்ளிய அளவுக்குக் கொடுக்காமல், திரும்பி வந்ததைக் கழித்துக் கொடுங்கள். பொறுப்பாளர் யார் என்று கேட்டால், கொள்முதல் ஆர்டரில் கையெழுத்துப் போடுபவர்தான். விளம்பரம் பார்ப்பவரிடம் கொடுத்தால் இலைப் படத்தோடு முடியும்.

பணத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன், இது கணக்காளருக்கு. அட்டையில், போக்குவரத்தில், காலாவதியில் மிச்சமாகும் தொகையைப் பொது லாபத்தில் கரைக்காமல் தனித் தலைப்பில் ஒரு வருடம் எழுதி வாருங்கள். விலை கூடுதலான மறுசுழற்சிப் பாட்டில் அந்தத் தலைப்பிலிருந்து வரட்டும். இது ஒன்றும் புதுச் சிந்தனையில்லை. 3எம் நிறுவனம் 'மாசைத் தடுத்தால் லாபம்' என்ற பொருளில் ஒரு திட்டத்தை 1975-லேயே தொடங்கியது.

மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைப் படிவம் கட்டாயம் கேட்கும். நுரைப் பொருள்கள் பலவும் செம்பனைக் கொட்டை எண்ணெய், தேங்காய் எண்ணெய் அல்லது பெட்ரோலியத்திலிருந்து வருபவை. செம்பனை எண்ணெய்க்கு நிலைத்தன்மைச் சான்று தரும் ஆர்.எஸ்.பி.ஓ. என்ற அமைப்பு 2004 முதல் இருக்கிறது. அதில் சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் கலந்து வந்தாலும், அளவை மட்டும் கணக்கில் சரிக்கட்டும் ஒரு முறை உண்டு. சிறு நிறுவனத்துக்கு அதுதான் எட்டும். எட்டுவதை வாங்குங்கள், கலந்ததைக் கலக்காதது என்று எழுதாதீர்கள். நிறுவனம் முழுவதற்கும் கிடைக்கும் பெரிய சான்றிதழ்களை இரண்டு வருடம் தள்ளிப்போடலாம்.

இலைப் படம் வேண்டாம். 2020-இல் ஐரோப்பிய ஆணையம் 150 பசுமைக் கூற்றுகளை ஆராய்ந்ததில், 53 சதவீதம் தெளிவற்றதாக, தவறாக வழிநடத்துவதாக அல்லது ஆதாரமில்லாததாக இருந்தது. அதன் பிறகு அங்கே வந்த சட்டம், நிரூபிக்க முடியாத 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' போன்ற பொத்தாம்பொதுச் சொற்களையும், வேறெங்கோ கார்பனைக் குறைக்கும் திட்டத்துக்குப் பணம் (கார்பன் ஈட்டுத்தொகை) கட்டிவிட்டுப் பொருளைக் 'கார்பன் சமநிலை' என்று சொல்வதையும் 2026 செப்டம்பர் 27 முதல் தடை செய்கிறது. நிறுவனங்கள் தாமே சொல்லிக்கொள்ளும் பசுமைக் கூற்றுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 14021 இன்னும் கறார். நிலைத்தன்மையை எட்டிவிட்டோம் என்ற கூற்றையே அது அனுமதிப்பதில்லை. லேபிளில் நீங்கள் போடக்கூடியது இப்படி இருக்கும்: 'இந்தப் பாட்டிலின் பிளாஸ்டிக்கில் பாதி, வீடுகளிலிருந்து திரும்பி வந்தது. மூடியும் பம்பும் இதில் சேரவில்லை.' இரண்டாவது வாக்கியத்தைக் கூட்டாளி வெட்டச் சொல்வார். வெட்டாதீர்கள்.

கடைசியாகப் படிவம். 'கொள்கை' என்ற கட்டத்தில் பெரிய கம்பெனியின் வாசகத்தை நகலெடுத்து ஒட்ட வேண்டாம், அதைப் படிப்பவர் ஒரு நாளில் முப்பது பார்ப்பார். எடை போட்ட அட்டவணையை இணையுங்கள். அதன் கீழே நான்கு வரி: கடந்த வருடம் விற்ற ஒவ்வொரு லிட்டருக்கும் இத்தனை கிராம் பொதிபொருள் போட்டோம். விற்றதில் இத்தனை சதவீதம் காலாவதியாகித் திரும்பியது. வருகிற வருடம் இந்த இரண்டையும் இவ்வளவுக்குக் குறைப்போம். பொறுப்பு, கொள்முதல் பார்க்கும் இன்னார். அந்த எண்கள் நன்றாக இல்லாவிட்டாலும் அனுப்புங்கள். கூடவே கடைச் சங்கிலியிடம் நீங்களும் ஒன்று கேட்கலாம்: காலி பம்ப்களையும் பாட்டில்களையும் போட அவர்கள் கடை வாசலில் ஒரு பெட்டி வைக்க இடம் தருவார்களா என்று.